உட்கார விடாத திண்ணையை இடிப்பதா?

(புதுச்சேரியில் இளைஞர்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்த தோழர், "எதைப் பற்றிப் பேசப் போறீங்க?" என்று போனில் கேட்டார். "பழைய வீட்டில் கக்கூஸ் கட்ட அனுமதி வாங்குவது பற்றி" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "தோழர், சாதி ஒழிப்பு சம்பந்தமா எதாவது பேசினால் நல்லா இருக்கும்" என்றார். அதைத்தான் பேசப் போகிறேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நீங்களும் இப்போது நம்ப வேண்டாம். முடிவில் சொல்லுங்கள்.

நான் கட்டடப் பொறியாளர். வீட்டுக்கு வரைபடம் போட்டு, அனுமதி வாங்கித் தருவது என் பிழைப்பு. என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, கொத்தனார். புல்வாருக்கு வெளியே குடியிருந்து, புல்வாருக்கு உள்ளே இருக்கிற வீடுகளுக்கு ஐம்பது வருடம் சுண்ணாம்பு பூசியவர். அவர் பூசிய வீடுகளின் படத்தை இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். அந்த வீடுகளில் ஒன்றிலும் அவர் முன்வாசல் வழியாக உள்ளே போனதில்லை.

என் சித்தி செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். சேமிப்பு, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்துத் தமிழ்ப் பகுதியில் சின்னதாக ஒரு பழைய வீடு வாங்கினார். தெருவைப் பார்த்து தாழ்வாரம், அதற்குள் திண்ணை, கதவு, உள்ளே ஒரு முற்றம். அந்தத் தெருவில் எங்கள் ஆட்களில் முதலில் வீடு வாங்கியவர் அவர்தான். நடக்க முடியாத தாத்தாவுக்காகக் கீழேயே ஒரு கழிப்பறை கட்ட வேண்டும். வண்டி நிறுத்தத் திண்ணையை எடுக்க வேண்டும். இரண்டே வேலை. நான்தான் வரைபடம் போட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுத்தார். "தெருவின் மரபுத் தோற்றம் கெடும்" என்று. அவர் வீட்டின் முன்பக்கம் முழுக்க அலுமினியமும் கண்ணாடியும். அதைப் பற்றி யாரும் மனு கொடுத்ததில்லை. அதே மனிதர் சித்தி குடிவந்த முதல் வாரத்தில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "உங்களுக்கு சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, வெளியவா?" இந்தக் கேள்விக்கு அர்த்தம் இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனது. பதினான்கு மாதம். முடியாது என்றும் சொல்லவில்லை, முடியும் என்றும் சொல்லவில்லை. என்ன காரணம் என்று ஒரு வரி எழுத்தில் தரவில்லை. அந்தப் பதினான்கு மாதமும் எண்பது வயதைத் தாண்டிய ஒரு கிழவர் படியேறி மாடிக் கழிப்பறைக்குப் போய் வந்தார். அதனால்தான் சொல்கிறேன், இது நம் விஷயம்.

ஊரைப் போட்ட கோடு

புதுச்சேரியின் தெருக்கள் நேர்நேராக இருப்பதைப் பார்த்து எல்லோரும் பிரெஞ்சுக்காரர்களைப் பாராட்டுகிறார்கள். அந்தக் கட்டம் போட்ட திட்டம் 1693இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்களுடையது. 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு 1765 முதல் பிரெஞ்சுக்காரர்கள் அதே கோடுகளின் மேல் திரும்பக் கட்டினார்கள். ஆக, இன்று நாம் மரபு என்று பார்க்கும் வீடுகள் எல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம். மேற்கே கறுப்பு நகரம். இது நான் வைத்த பெயர் இல்லை, பிரெஞ்சு வரைபடங்களில் இருக்கிற பெயர். கறுப்பு நகரம் என்பதை மாற்றித் தமிழ்ப் பகுதி என்று சொல்லிக்கொள்கிறோம், நல்லது. ஆனால் வெள்ளை நகரம் என்ற பெயரை மட்டும் ஓட்டல்காரர்களும் ஆட்டோக்காரர்களும் இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள். நிறத்தை வைத்து மனிதரைப் பிரித்த பெயர் ஒரு விற்பனைப் பெயராகிவிட்டது.

சரி, வாய்க்காலுக்கு மேற்கே வருவோம். அங்கே எல்லோரும் கறுப்பர்கள்தானே, ஒன்றாக இருந்தார்களா? செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி, கோமுட்டி வீதி, வைசியாள் வீதி. பெயரைச் சொன்னாலே போதும். இந்துக்களுக்கு ஒரு பக்கம், கிறித்தவர்களுக்கு ஒரு பக்கம், முஸ்லிம்களுக்கு ஒரு பக்கம், அதற்குள் சாதிக்கு ஒரு தெரு. எந்தத் தெரு வழியாக யார் ஊர்வலம் போகலாம் என்று வலங்கைச் சாதிகளும் இடங்கைச் சாதிகளும் சண்டை போட்டால், பஞ்சாயத்துப் பண்ணுவது கம்பெனி நிர்வாகத்தின் வேலை. வாய்க்காலை வெட்டியவன் வெள்ளைக்காரன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கோடு போட்டது நம் ஊர்ச் சாதி. இரண்டு கோடுகளுக்கும் வெளியேதான் சேரி.

கோயிலைக் கட்டினாலும் அதற்குள் கோடு. சம்பா கோயிலில் பறையர் கிறித்தவர்களையும் மற்ற சாதிக் கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1745இல் பறையர் கிறித்தவர்கள் பாதிரியாரிடம் போய், நாங்களும் கிறித்தவர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று முறையிட்டார்கள். சுவர் எடுக்கப்பட்டது. உடனே மற்ற சாதியார் கொதித்தெழுந்தார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு கட்டடத்தில் ஒரு சுவரை எடுக்க வேண்டும் என்று இந்த ஊரில் மனு கொடுத்த முதல் ஆட்களில் நம் முன்னோர் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட 280 வருடத்துக்கு முன்பு. கட்டட மாற்றத்துக்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கொல்லைப்புறக் கதவு

மரபு வீடு என்றால் எல்லோரும் முன்பக்கத்தைப் படம் எடுக்கிறார்கள். வரைபடம் போடுகிறவள் என்ற முறையில் நான் பின்பக்கத்தையும் பார்க்கிறேன். பல பழைய வீடுகளில் கொல்லைப்புறத்தில் ஒரு தனி வழி இருக்கும். அந்த வழி யாருக்கு? எடுப்புக் கக்கூஸ் அள்ள வருகிறவர்களுக்கு. வீட்டுக்குள் கால் படாமல், தெருவில் கண்ணில் படாமல் வந்து மலத்தை அள்ளிக்கொண்டு போக வேண்டும். திண்ணை எவ்வளவு அகலம், தூண் எவ்வளவு உயரம் என்று அளந்து கட்டியது போலவே, இந்தத் தீண்டாமையையும் அளந்துதான் கட்டியிருக்கிறார்கள்.

இந்த எடுப்புக் கக்கூஸ் எப்படி ஒழிந்தது? வீட்டை மாற்றித்தான் ஒழிந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பறை கட்டுவதைத் தடை செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், சுகாதாரமற்ற கழிப்பறையை வீட்டில் இருப்பவரே தன் செலவில் இடிக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும் என்றது. அதாவது, இந்த நாட்டில் மனித மாண்புக்காக வீட்டை மாற்று என்று கட்டளையிடும் சட்டம் இருக்கிறது. பழைய வீட்டின் அமைப்பு புனிதமானது, அதில் கை வைக்கக் கூடாது என்று யாராவது சொன்னால், எந்த அமைப்பு என்று திருப்பிக் கேளுங்கள்.

இதனால்தான் பழைய வீட்டில் ஒரு கழிப்பறை கட்டும் விண்ணப்பத்தை நான் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. முற்றத்தின் அழகு கெடுகிறது என்று ஒரு கோப்பு நிறுத்தப்படும்போது, அந்த முற்றம் சுத்தமாக இருந்த காலத்தில் யார் தலையில் கூடை இருந்தது என்பது அந்தக் கோப்பில் இருப்பதில்லை.

விதிகள் எதற்காக வந்தன?

இப்போது எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விதியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

பழைய வீடுகளை மாற்றுவதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற யோசனை உலகம் முழுக்க இருக்கிறது. பிரான்சில் 1962 ஆகஸ்ட் 4இல் மால்ரோ சட்டம் வந்தது. பழைய நகரப் பகுதிகளை மொத்தமாகப் பாதுகாக்கும் சட்டம் அது. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, 1962 ஆகஸ்ட் 16இல்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இந்தியாவில் பம்பாய் 1995இல் மரபுக் கட்டடங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. புதுச்சேரியில் 1969ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் கட்டட விதிகள் இருக்கின்றன. மரபுக் கட்டடங்களைத் தரம் பிரிப்பதும், ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேட்பதும் அதில் வரும். இந்திய நகரங்களில் பொதுவான ஏற்பாடு இதுதான்: முதல் தரக் கட்டடத்தில் கிட்டத்தட்ட எதையும் தொடக்கூடாது. இரண்டாம் தரத்தில் உள்ளே மாற்றலாம், வெளியே கவனம் வேண்டும். மூன்றாம் தரத்தில் தெருவின் தோற்றம் கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த விதிகள் வருவதற்கு முன்பு என்ன நடந்தது? 1980களிலிருந்து இன்டாக் அமைப்பு இங்கே வேலை செய்கிறது. அவர்கள் கணக்கெடுத்து வைத்த பழைய வீடுகளில் பல நூறு வீடுகள் அடுத்த சில வருடங்களிலேயே இடிந்து போயின. அந்த இடத்தில் என்ன வந்தது? சமத்துவபுரம் வரவில்லை. ஓட்டலும் வணிக வளாகமும் அடுக்குமாடியும் வந்தன.

சில தோழர்கள் என்னிடம் சொல்வார்கள்: "சாதித் தெருதானே, இடியட்டும்! நமக்கு என்ன நட்டம்?" கோபம் புரிகிறது. ஆனால் கட்டடம் இடிந்தால் சாதி இடிவதில்லை. நிலம் அதே கையில்தான் இருக்கிறது. முன்பு ஒரு மாடி, இப்போது நான்கு மாடி. சாதிக்குக் காங்கிரீட்டில் குடியிருக்கவும் நன்றாகத் தெரியும். ஒன்றே ஒன்று அழிகிறது. அது நம் ஆட்களின் வேலை. அந்தச் சுவர்களைத் தவிர அவர்கள் வேறு கையெழுத்து எதையும் இந்த ஊரில் போட்டுவிட்டுப் போகவில்லை.

யாருக்கு விதி, யாருக்கு விலக்கு?

என் சண்டை விதியோடு இல்லை. விதி யார் மேல் விழுகிறது என்பதோடு.

2014 நவம்பர் 29, மழைக்காலம். கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், 19ஆம் நூற்றாண்டு நகராட்சிக் கட்டடம், பொத்தென்று இடிந்து விழுந்தது. அரசுக்குச் சொந்தமான கட்டடம். ஊரிலேயே முதன்மையான மரபுச் சின்னங்களில் ஒன்று. அது விழுகிற நிலையில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. பிறகு உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். கட்டியது நல்லதுதான். ஆனால் ஓய்வு பெற்ற ஒரு செவிலியர் தன் வீட்டு ஜன்னலைத் தொட்டால் மரபு கெடும். அரசு தன் கட்டடத்தைப் பராமரிக்காமல் விழவிட்டால் அதற்கு மனு கொடுக்க ஒரு பக்கத்து வீட்டுக்காரரும் வரமாட்டார்.

இன்னொரு உதாரணம். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்நெவ் சுர் லோ நகரமும் கைகோத்து, இங்கே ஒரு தெருவின் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தார்கள். வீட்டுக்காரரும் செலவில் ஒரு பங்கு போட்டார். வேலை நன்றாகவே இருக்கிறது, போய்ப் பாருங்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. அந்தத் தெருவின் அலுவல் பெயர் கலவை சுப்பராயச் செட்டியார் வீதி. ஊர் சொல்லும் பெயர் வைசியாள் வீதி. உலக விருது வாங்கிய நம் தெருவின் பெயரிலேயே வருணம் இருக்கிறது.

செலவில் பங்கு போட முடிந்தவர் யார் என்று கேட்டீர்களா? சொந்த வீடு வைத்திருப்பவர். வாடகைக்கு இருப்பவருக்கு அதில் இடம் இல்லை. தெரு அழகானால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் வெளியேறுவது அவர்தான். இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் நீங்கியது. 2008இல் உலக மரபு நகரம் என்ற பட்டம் வந்தது. பழைய கடை வீடுகளில் தலைமுறையாக இருந்த சிறு வணிகர்களும் தொழிலாளர்களும் வெளியே போனார்கள், விடுதிகள் உள்ளே வந்தன. நம் தமிழர்களும் சீனர்களும் வாழ்ந்த தெருக்கள் அவை. இலங்கையில் காலிக் கோட்டைக்குள்ளும் வெளிநாட்டார் வாங்கிய வீடுகள் விடுதிகளாயின. பாரிசின் மாரே பகுதியிலும் கைவினைஞர்கள் போய், காசுள்ளவர்கள் வந்தார்கள். சுவரைக் காப்பாற்றி மனிதரை வெளியேற்றினால் மிஞ்சுவது ஊர் இல்லை, நாடக அரங்கு.

லண்டனில் ஒரு வீடு

இப்போது நமக்கு நெருக்கமான ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். லண்டனில் கிங் ஹென்றி சாலை, 10ஆம் எண். 1921–22இல் பாபாசாகேப் அம்பேத்கர் தங்கிப் படித்த வீடு. 2015இல் மகாராட்டிர அரசு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து அதை வாங்கி நினைவில்லமாக்கியது. அங்கே குடியிருப்பு வீட்டை அருங்காட்சியகமாக மாற்ற உள்ளூர் மன்றத்தின் அனுமதி வேண்டும். கேம்டன் மன்றம் அனுமதி மறுத்தது. குடியிருப்பு இடம் குறைகிறது என்றது. கூட்டம் வருகிறது, சத்தமாக இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சிலர் புகார் சொன்னார்கள். பெரிய வசதியான பகுதி. அம்பேத்கரைப் பார்க்க வருகிறவர்களின் சத்தம் எல்லா ஊரிலும் சிலருக்குக் கேட்டுவிடுகிறது.

ஆனால் அங்கே அடுத்து என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். மேல்முறையீடு. 2019இல் பொது விசாரணை. நினைவில்லம் ஏன் வேண்டும் என்று அம்பேத்கரியர்கள் பேசினார்கள். எதிர்த்தவர்களும் பேசினார்கள். எல்லாம் பதிவாகியது. 2020 மார்ச்சில் அனுமதி கிடைத்தது, எழுத்தில், காரணங்களோடு. அந்த ஊர் விதிகள் நல்லவை என்று நான் சொல்லவில்லை. அதே விதிதான் முதலில் நம்மைத் தடுத்தது. ஆனால் கதவு திறந்திருந்தது. யார் என்ன சொன்னார், ஏன் மறுத்தார், ஏன் கொடுத்தார் என்பது வெளியே தெரிந்தது. காரணம் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், சாதிக்கு ஒளிந்துகொள்ள இடம் குறைவு. "தெருவின் தோற்றம்" என்ற சொல்லுக்குப் பின்னால் "இந்தத் தெருவில் இவர்கள் ஏன்?" என்ற கேள்வியை ஒளித்து வைப்பது கடினம்.

மரபு என்ற பட்டியல்

இந்த ஊரில் எதெல்லாம் மரபு? பாரதி இருந்த வீடு மரபு. பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த பெருமாள் கோயில் தெரு வீடு மரபு. சரி. பாரதி இங்கே இருந்தபோது கனகலிங்கம் என்ற ஒடுக்கப்பட்ட இளைஞருக்குப் பூணூல் போட்டார். பூணூல் போட்டால் சாதி ஒழியுமா என்ற விவாதம் நமக்கு உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். பாரதி வீட்டுக்கு வழி சொல்லத் தெரிந்த நம்மில் எத்தனை பேர் கனகலிங்கத்தின் வீட்டுக்கு வழி சொல்வோம்?

1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை காலில் பூட்சு போட்டு நீதிமன்றத்துக்குப் போனார். கூடாது என்று தடுத்தார்கள். அவர் பிரான்சு வரை வழக்காடி வென்றார். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்கங்கள் கட்டுப்படுத்தும் தனிச் சட்டத்தை உதறிவிட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வரலாம் என்றானது. ஒடுக்கப்பட்ட மக்கள் பலர் அந்த வழியில் போய்ப் புதுப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். பழைய பெயரைக் கழற்றிவிட்டுப் புதிய பெயரில் நிமிர்ந்து நின்றவர்களின் வரலாறு நம் மரபு இல்லையா?

1936 சூலை 30. சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 12 பேர் செத்தார்கள். அடுத்த வருடம், 1937இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. வ. சுப்பையா தலைமையில் போராடி வாங்கியது. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. அந்த ஆலைச் சுவரும், புகைபோக்கியும், சங்கு ஊதினால் எழுந்த தெருக்களும் ஆளுநர் மாளிகைத் தூணுக்கு எந்த விதத்தில் குறைவு? மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் மட்டும்தான் புதுச்சேரி என்றால், இந்த ஊரைக் கட்டியவர்களும் இதற்காகச் செத்தவர்களும் எங்கே போவார்கள்?

என்ன கேட்க வேண்டும்?

ஐந்து கோரிக்கைகள் வைக்கிறேன். விவாதியுங்கள்.

முதலாவது, எந்த வீடு பட்டியலில் இருக்கிறது, ஏன் இருக்கிறது, அதில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதை வீடு வாரியாகத் தமிழில் எழுதி வெளியே வைக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் குறித்த நாளுக்குள் பதில் வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும். எதிர்த்து மனு வந்தால் அதன் நகல் வீட்டுக்காரருக்கு வர வேண்டும்.

இரண்டாவது, தெருவிலிருந்து தெரியாத, வாழ்வதற்குத் தேவையான வேலைகளுக்கு, அதாவது கழிப்பறை, சமையலறைக் குழாய், மின்கம்பி, முதியோருக்குச் சாய்தளம், இவற்றுக்கு அனுமதி என்று காத்திருக்க வைக்கக் கூடாது. தகவல் கொடுத்தால் போதும் என்று ஆக்க வேண்டும். அலுவலர் வந்து பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிழவர் படியேறிக் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, பணம். பாதுகாக்கச் சொல்கிற அரசு செலவிலும் பங்கு போட வேண்டும். சுண்ணாம்பு வேலை சிமெண்ட் வேலையை விட நாள் அதிகம் பிடிக்கும், ஆள் அதிகம் வேண்டும். சின்ன வீட்டுக்காரரால் தனியாக முடியாது. பம்பாய் விதிகளில், கட்ட முடியாமல் போன உரிமையை வேறிடத்துக்கு மாற்றி விற்றுக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். பெரிய வீட்டுக்காரருக்கு அது உதவும். சின்ன வீட்டுக்கு நேரடி மானியம்தான் உதவும். அந்த மானியம் வாங்குகிற வீட்டில் வாடகைதாரரை வெளியேற்றக் கூடாது என்று நிபந்தனை வேண்டும்.

நான்காவது, குழுவில் யார் உட்காருகிறார்கள்? கட்டடக் கலைஞர், அதிகாரி, வரலாற்றுப் பேராசிரியர். இருக்கட்டும். கொத்தனார் ஒருவர் இருக்க வேண்டும். வாடகைதாரர் ஒருவர், தலித் மக்களின் பிரதிநிதி ஒருவர், பெண்கள் இருக்க வேண்டும். அடுக்களையும் முற்றமும் எப்படிப் பயன்படுகின்றன என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஐந்தாவது, உண்மையை எழுத வேண்டும். வீட்டு வாசலில் நீலப் பலகை வைத்து யார் வீடு என்று எழுதுகிறீர்கள், அதில் யார் கட்டினார், யார் பூசினார், எந்த வழியாக யார் வந்தார் என்பதையும் எழுதுங்கள். தமிழ்நாட்டு அரசு 2025 அக்டோபரில் தெருக்களின் சாதிப் பெயர்களை நீக்க ஆணை வெளியிட்டது. புதுச்சேரியும் செய்ய வேண்டும். "பழைய பெயர்தானே மரபு" என்பார்கள். பழைய பெயர் என்னவாக இருந்தது, ஏன் மாற்றினோம் என்று ஒரு பலகையில் எழுதி வையுங்கள். வரலாறும் இருக்கும், விலாசத்தில் சாதியும் இருக்காது.

திண்ணை என்ன ஆனது?

சித்தி வீட்டுக் கதையை முடிக்கவில்லை. கடைசியில் கழிப்பறைக்கு அனுமதி வந்தது. திண்ணையை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சித்திக்குக் கடும் கோபம். "எங்க அப்பா கூலிய இந்த மாதிரி திண்ணைக்குக் கீழ நின்னுதான் வாங்குனாரு. இது எனக்கு எதுக்குடி? நான் இடிக்கத்தான் போறேன், அபராதம் போட்டா போடட்டும்" என்றார். நான் பொறியாளர் மாதிரி பேசிப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும், கடற்கரை ஊரில் உப்புப் பூத்துச் செங்கல் உதிரும், திண்ணையை எடுத்தால் முன்சுவரின் அடிமானம் பலவீனமாகும் என்றெல்லாம். சித்தி கேட்கவில்லை. எனக்குமே அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது.

தாத்தாவைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் திண்ணையைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே சுவரைத் தடவினார். நகத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டி விரலில் வைத்துத் தேய்த்தார். "கடுக்காயும் வெல்லமும் ஊற வெச்சு அரைச்ச சுண்ணாம்பு. இத நான் பூசல. எங்க மாமன் கூட்டம் பூசுனது. கோணத்துல இப்பிடி இழைக்கிறது அவங்க மட்டுந்தான்" என்றார். சித்தி, "இந்தத் திண்ணைல உன்ன உக்கார வுட்டாங்களாப்பா?" என்று கேட்டார். தாத்தா சொன்னார்: "வுடலதான். உக்கார வுடாத திண்ணைய இடிப்பாங்களா? அதுல உக்காரணும்மா."

திண்ணை அப்படியே இருக்கிறது. வண்டி பக்கத்துச் சந்தில் நிற்கிறது. தாத்தாவின் பழைய கூட்டாளிகளில் இருவரை வைத்து முன்சுவரைச் சுண்ணாம்பிலேயே சரிசெய்தோம். தெருவில் மற்ற இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து அவர்களிடம் கூலி விசாரித்துவிட்டுப் போனார்கள். மனு கொடுத்தவர் விசாரிக்கவில்லை. மாலையில் தாத்தா திண்ணையில் உட்காருகிறார். அவர் போகிறபோது இன்னும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அது அவர் பிரச்சினை.

தாத்தா சொன்னதை எல்லாவற்றுக்கும் விடை என்று நான் வைக்கவில்லை. கொல்லைப்புறக் கதவை நாங்கள் செங்கல் வைத்து அடைத்துவிட்டோம். அதைப் பாதுகாக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டோம். 1745இல் எடுத்த சுவர் எடுக்க வேண்டிய சுவர். எடுப்புக் கக்கூஸ் இடிக்க வேண்டிய கக்கூஸ். திண்ணை வேறு. நம் கை கட்டியதை எடுத்துக்கொள்வோம், நம்மைக் கட்டிப்போட்டதை இடிப்போம். எது எது என்று முடிவு செய்யும் இடத்தில் நாம் இருக்க வேண்டும். இன்றைக்கு அந்த இடத்தில் நாம் இல்லை. பிரச்சினை அதுதான்.

உங்களில் கட்டடக் கலை படிப்பவர்கள் இருக்கிறீர்கள், சட்டம் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பகுதியில் எந்த வீடு பட்டியலில் இருக்கிறது, எந்த விண்ணப்பம் எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டில் சுண்ணாம்பு வேலை செய்த பெரியவர் இருந்தால், அவர் எந்தெந்த வீட்டில் வேலை செய்தார் என்று உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். சீக்கிரம் செய்யுங்கள், அவர்களுக்கு வயதாகிறது. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அரசு வைத்திருக்கிற பட்டியலுக்குப் பக்கத்தில் நம் பட்டியலையும் வைப்போம்.